சீட்டும் கொத்தரிசியும்

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரத்தை வகுத்து, அதனை அடுத்தே ஈகை என்று வேறோர் அதிகாரத்தையும் வைத்தார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனதாமே, இவற்றைப் பிரிப்பானேன் என்று மாணவர் சிலர் வகுப்பிலே என்னிடம் கேட்டதுண்டு. ஈகையிலே கொடுப்பவன் ஒருவன், கொள்பவன் மற்றொருவன். ஒப்புரவோ ஊரோடு கூடி வாழ்பவன் ஊருக்குச் செய்யும் கடமை. பரிமேலழகர் அதனை உலகநடை என்றார். அறநூல்களில் விதிக்கப்படாமல் தாமே அறிந்து செய்யப்படுவது என்றும் விளக்கினார். உரையைப் படித்துக் காட்டுவதிலும் பார்க்க, பிள்ளைகளை மட்டக்குளியில் ஒரு தோட்டத்துச் சந்துக்கு அழைத்துச் சென்று, சீட்டுப் பிடிக்கும் ஓர் அம்மாளின் கொப்பியைக் காட்டினால் இந்தப் பேதம் விரைவில் விளங்கும் என்பது என் எண்ணம்.

மட்டக்குளி கொழும்பு மாநகரின் வட எல்லை. களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தை ஒட்டி, காக்கைதீவுக்கும் முகத்துவாரத்துக்கும் அயலாக அமைந்தது. துறைமுகத்து நாட்கூலியும் மீனும் முச்சக்கரவண்டியும் தையலும் பிறர் வீட்டு வேலையுமாகப் பிழைக்கும் சனங்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குழாயடியில் நீர் பிடிப்பார்கள். கொழும்புத் தமிழரைப் பற்றி எழுதும் நம் அன்பர்கள் பெரும்பாலும் வெள்ளவத்தையோடு நின்றுவிடுகிறார்கள். கொட்டாஞ்சேனை வரை வருபவர் சிலர். அதற்கப்பால் வருபவர் மிகச் சிலர். 1976ஆம் ஆண்டு அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பில் நடைபெற்றபோது, நகரின் அழகு கருதி அகற்றப்பட்ட குடிசைவாசிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய இடமொன்று இங்கே உண்டு. அதற்குச் சமிட்புர என்று பெயர். உச்சி மாநாட்டின் பெயரைத் தாங்கி நிற்கும் வறியோர் குடியிருப்பு உலகில் வேறெங்கும் இருக்குமோ, அறியேன்.

இத்தகைய இடங்களில் வங்கிக்கு முன்னரே வந்தது சீட்டு. சிங்களவர் சீட்டுவ என்று வழங்குவதும் நம் சொல்லையே. ஆங்கிலேயர் ஆட்சியில் 1935ஆம் ஆண்டு இதற்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியபோதும், சீட்டு என்ற பெயரையே ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆயினும் தோட்டத்துச் சீட்டுக்குப் பதிவும் இல்லை, முத்திரையும் இல்லை. ஓர் எண்பது பக்கக் கொப்பியும் ஒரு பெண்ணின் நாணயமுமே அதன் மூலதனம். பத்துப் பேர் மாதம் 5,000 ரூபா கட்டினால், மாதந்தோறும் ஒருவர் கையில் 50,000 ரூபா சேரும். வழக்கமாக முதற் சீட்டு பிடிப்பவருக்கு; எவரேனும் தவணை தவறினால் தன் கையிலிருந்து போட வேண்டியவர் அவரே. மற்றவர்களுக்குக் குலுக்கலில் இலக்கம் விழும். ஏலச் சீட்டு வேறு, அது வியாபாரிகளுடையது. குலுக்கற் சீட்டிலே வட்டி என்பது கிடையாது. ஆதலால் வட்டியை விலக்கும் முஸ்லிம் பெண்களும் தயக்கமின்றிச் சேருகிறார்கள்.

கொப்பியை உற்று நோக்கினால் இலக்கங்கள் அடித்துத் திருத்தப்பட்டிருக்கும். கணக்குப் பிழையென்று எண்ணிவிடலாகாது. ஒன்பதாம் இலக்கக்காரியின் மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்குகிறது. மூன்றாம் இலக்கக்காரி தன் முறையை மாற்றிக் கொடுக்கிறாள். கூரைத் தகடு பறந்துபோன வீட்டுக்கு ஐந்தாம் மாதம் முதலாம் மாதமாகிறது. யாரும் எவருக்கும் தானம் செய்யவில்லை. எல்லோரும் கட்டியதையே எல்லோரும் எடுக்கிறார்கள். ஆனால் எப்போது எடுப்பது என்பதில் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த அடித்தல் திருத்தல்களிலேதான் ஒப்புரவு இருக்கிறது.

இதனோடு சேர்த்து எண்ணவேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, மூலைக்கடையின் கடன் கொப்பி. மாலையிற் கூலி வந்தபின் தீர்ப்பது என்ற ஏற்பாட்டில் காலையிலேயே கால் கிலோ பருப்பும் இரண்டு முட்டையும் கிடைக்கும். மற்றது மரண உதவிச் சங்கம். மாதச் சந்தா சிறிது, சாவு வீட்டுக்குக் கதிரையும் பந்தலும் கைச்செலவுக்குப் பணமும் வந்து சேரும். 1980களின் இறுதியில் கொழும்பின் வறிய குடியிருப்புகளிற் பெண்களின் சிறு சிறு குழுக்களாகத் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவிய மகளிர் வங்கியும் சீட்டின் வழியிலே பிறந்ததென்று நான் கருதுகிறேன். அண்டை வீட்டாரை அறிந்தவர்களே ஒருவருக்கொருவர் பிணை என்பதுதான் அதன் அடிப்படை.

இவ்வேற்பாடுகளுக்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. ஒரு வீடு விழும்போது ஒன்பது வீடுகள் தாங்கும். பத்து வீடுகளும் ஒருங்கே சாய்ந்தால் தாங்குவார் யார்? 2022ஆம் ஆண்டு நேர்ந்தது அதுவே. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் 69.8 வீதம் உயர்ந்து நின்றது. உணவை மட்டும் எடுத்தால் 94.9 வீதம். நாட்டிலே 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் மதிப்பிட்டன.

சீட்டுக்கு இதனால் நேர்ந்த கேட்டைப் பலர் கவனிக்கவில்லை. 2022 ஜனவரியில் பன்னிரண்டரைக் கிலோ சமையல் வாயுச் சிலிண்டர் 2,675 ரூபா. அம்மாதம் 50,000 ரூபாச் சீட்டை எடுத்தவர் விரும்பியிருந்தால் 18 சிலிண்டர் வாங்கலாம். அதே சீட்டின் கடைசி முறை ஒக்டோபரில் வந்தபோது சிலிண்டர் 4,280 ரூபா. பதினொன்றுக்கு மேல் வராது. பத்து மாதமும் ஒரே தொகையைக் கட்டியவர்களுள், விட்டுக்கொடுத்துப் பின்னுக்குப் போனவளே அதிகம் இழந்தாள். அயலவளுக்காக இரங்கியதற்கு விலைவாசி விதித்த தண்டம் என்று இதனைச் சொல்லலாம். இது நேர்ந்தபின் அடுத்த முறை எவள் விட்டுக்கொடுப்பாள்?

எங்கள் ஒழுங்கையிற் சீட்டுப் பிடிப்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். "சேர், இனிக் காசாப் பிடிச்சா கடைசியா எடுக்கிறவங்க என்னைத்தான் சபிப்பாங்க. சாமானாப் பிடிப்பம்" என்றார். சித்திரைப் புத்தாண்டுக்கென அரிசியும் சீனியும் தேங்காயெண்ணெயும் சேர்க்கும் சாமான் சீட்டு முன்பே வழக்கில் உள்ளது. அதையே அவர் மாதச் சீட்டாக்கினார். அரிசி பத்துக் கிலோ என்றால் எந்த மாதமும் பத்துக் கிலோ. விலை ஏறினால் அந்த மாதம் எல்லோரும் சற்றுக் கூட்டிக் கட்ட வேண்டும். பொருளியல் படித்தவர்கள் நீண்ட பெயர் சூட்டக்கூடிய இவ்வேற்பாட்டை, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவ்வம்மையார் ஒரு மாலைப்பொழுதில் முடிவு செய்தார்.

இந்த நாட்டின் ஆட்சியாளர் இதே வினாவை முன்னொரு காலத்தில் எதிர்கொண்டார்கள் என்பதை இளைஞர் அறிதல் நன்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1942ஆம் ஆண்டு, அரிசிப் பங்கீடு வந்தது. சங்கக்கடைகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. கூப்பனுக்குக் கிடைத்தது பணமன்று. கொத்துக் கணக்கில் அரிசி. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது மக்கள் பொறுக்கவில்லை. ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1966இல் வாரத்துக்கு இரண்டு கொத்து ஒன்றாயிற்று, ஆயினும் அந்த ஒன்று இலவசமாயிற்று. 1978இல் குறைந்த வருமானத்தார்க்கு மட்டுமென அது சுருங்கியது. 1979இல் கூப்பன் அரிசியே நின்று, அதனிடத்தில் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதியிருந்தது ரூபா. கொத்து கொத்தாகவே இருந்தது. ரூபாவோ ஆண்டுதோறும் தேய்ந்தது. அன்றிலிருந்து வந்த உதவித் திட்டங்கள் பலவற்றுக்கும் இக்குறை உண்டு. பழைய பங்கீட்டு முறையில் வீண் செலவும் கள்ளக் கூப்பனும் இருந்தன என்பது மெய். அதனை அப்படியே மீட்க வேண்டுமென்று நான் வாதிக்கவில்லை. ஆனால் விலை ஏறும்போது ஏற்றத்தின் சுமை யார் தோளில் விழவேண்டும் என்ற கேள்விக்குக் கொத்தரிசி ஒரு விடை வைத்திருந்தது.

தோட்டத்தை விட்டு மாடிக் குடியிருப்புகளுக்குப் போனவர்களின் பாடு வேறு. கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் நகர அபிவிருத்தி அதிகார சபை வட கொழும்பில் உயர்ந்த மாடிகள் பல கட்டிக் குடிசைவாசிகளை ஏற்றியது. மழைக்கு ஒழுகாத வீடு. அதனை யாரும் குறைத்துப் பேசலாகாது. ஆனால் தரையிலே மூன்று கல் வைத்து விறகெரிக்கலாம். பத்தாம் மாடியில் எரிக்க முடியுமா? மண்ணெண்ணெயும் கைகொடுக்கவில்லை, 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. முகத்துவாரத்துப் படகோட்டிகளுக்கும் அன்றே இடி விழுந்தது. அவர்களுடைய இயந்திரங்கள் குடிப்பதும் மண்ணெண்ணெயே. அதே மாதம் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூடியது. சராசரி என்ற சொல் இங்கே பலவற்றை மறைக்கிறது. மாதம் 30 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு, விளக்கே ஏற்றாவிட்டாலும் கட்டவேண்டிய நிலையான கட்டணம் 30 ரூபாவிலிருந்து 120 ஆகி, பின் 400 ஆகியது. கூலிக்காரனுக்கு நாளாந்த வரவு; பட்டியலோ மாதத்துக்கொருமுறை வருவது. மூலைக்கடைக் கொப்பியில் எழுதிவைக்கும்படி மின்சாரத்தைக் கேட்க முடியுமா?

அந்நாட்களிலேதான் கொழும்பிற் சமூக சமையலறைகள் எழுந்தன. மோசஸ் ஆகாஷ் என்ற கிறிஸ்தவ போதகர் 2022இல் தொடங்கிய சமையலறைகள் பத்திரிகைகளில் இடம்பெற்றன. கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் என்ற பேதமின்றி வேறு பலரும் அண்டா ஏற்றினர். அவற்றுள் சிறந்தவை எவையென்று என்னைக் கேட்டால், உண்ண வருபவர்களே வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி, பாத்திரம் கழுவியவை என்பேன். வரிசையிலே பிளாஸ்டிக் கிண்ணத்தோடு நிற்பதற்கும் அகப்பையைப் பிடித்து நிற்பதற்கும் நெடுந்தூரம். வரிசைக்கு வர வெட்கப்பட்டு வீட்டில் இருந்த சில தாய்மார், காய் நறுக்க ஆள் வேண்டுமென்று அழைத்ததும் வந்தார்கள். பிள்ளைகளையும் கூட்டி வந்தார்கள்.

2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. குடும்பங்களை 22 சுட்டிகளால் அளந்து நான்கு வகையாகப் பிரித்து, தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை வகுத்தார்கள். பட்டியல் வெளியானபோது நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தன. எங்கள் ஒழுங்கையிலே, முந்திய ஆண்டு முழுதும் ஒரு வேளை உணவோடு கிடந்த ஒரு வீட்டின் பெயர் அதில் இல்லை. யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது சீட்டுக் கொப்பிக்குத் தெரியும். எந்த மாதம் யார் தவணைக்கு இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார், யார் முதன்முறையாகச் சீட்டிலிருந்து விலகினார் என்பதெல்லாம் அதில் உண்டு. 22 சுட்டிகளுள் அதற்கு இடமில்லை.

மேன்முறையீட்டுப் படிவத்தைத் தாமே நிரப்ப அறியாதவர் பலர். ஆகவே உயர்தர வகுப்பு மாணவர் நால்வரை அழைத்து, சீட்டு அம்மையாரின் முன்விறாந்தையில் இரண்டு மேசை போட்டு அமர்த்தினோம். மூன்று மாலைகளில் முப்பத்தெட்டுப் படிவங்கள் எழுதினார்கள். ஒவ்வொரு குடும்பமும் வந்து அமரும்போது, அம்மையார் தம் கொப்பியை விரித்து அருகில் வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லக் கூசியதை மெதுவாகப் பிள்ளைகளிடம் சொன்னார்.