காரம் காக்காது, புளிப்பே காக்கும்!

டிரினிடாட் தீவின் தெருவோரக் காலை உணவு 'டபுள்ஸ்'. மஞ்சள் சேர்த்துப் பொரித்த இரண்டு ரொட்டிகள், நடுவே கொண்டைக்கடலைக் கறி. ஆனாலும் வாடிக்கையாளரை இழுப்பது மேலே ஊற்றும் மிளகாய்ச் சாறும், புளிச் சட்னியும், 'குச்சேலா' என்ற மாங்காய் ஊறுகாயும்தான். 1845 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய இந்தியர்கள் கொண்டுபோன கைப்பக்குவம்.

குச்சேலாவுக்குப் பச்சை மாங்காயைத் துருவி, ஒட்டப் பிழிந்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். பிறகுதான் மசாலா, பூண்டு, மிளகாய், கடுகெண்ணெய். பிழிவதில் சோம்பினால் பூசணம் பிடித்து ஜாடியே வீண்.

மிளகாய்ச் சாறு வேறு கணக்கு. ஸ்காட்ச் பானெட் மிளகாயைப் பச்சையாகவே அரைப்பதால் ஈரம் அதிகம், காப்பது வினிகர். கார அமில நிலை 4.6-க்குக் கீழே இருந்தால்தான் பாட்டுலினம் என்ற நச்சுக் கிருமி வளராது. காரமே போதும் என்று வினிகரைக் குறைத்தால் ஆபத்து. நறுக்கும்போது கையுறையும் வேண்டும். இல்லாவிட்டால் இரவெல்லாம் விரல் எரியும்.