ராயக்கோட்டைப் பாறை லண்டனுக்குப் போன கதை தெரியுமா?

சேலத்திலிருந்து பெங்களூர் போகும் பஸ்ஸில், கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டியதும் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து தூங்காதீர்கள்! ஜன்னலுக்கு வெளியே நிற்கின்றனவே மொட்டைப் பாறைகள், அவற்றை வரைவதற்கென்று இருநூறு வருஷத்துக்கு முன்பே இங்கிலாந்து ஓவியர்கள் மெனக்கெட்டு வந்தார்கள், தெரியுமா?

1792 மார்ச்சில்தான் திப்பு சுல்தானுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் ஓய்ந்தது. பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம், கம்பெனியின் கைக்குப் போனது. அடுத்த மாதமே ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் மெட்ராஸிலிருந்து கிளம்பிவிட்டார்கள். புகைப்படம் என்ற ஒன்றே பிறக்காத காலம். அவர்களிடம் இருந்தது கேமரா அப்ஸ்குரா என்ற பெட்டி. லென்ஸ் வழியாக மலையின் பிம்பம் தாளில் விழும். அதன்மேல் பென்சிலை ஓட்டி அப்படியே எடுத்துவிடுவார்கள். ராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜகதேவி என்று ஒவ்வொரு கோட்டையாக வரைந்து தள்ளினார்கள். ஊர் திரும்பியதும் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டு, கையாலேயே வண்ணம் பூசி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். அதுதான் புகழ்பெற்ற ‘ஓரியண்டல் சீனரி’. மாமல்லபுரமும் மதுரையும் இடம்பெற்ற அதே தொகுப்பில் நம்ம ராயக்கோட்டை! அந்த மலையில் இன்றைக்கும் ஏறலாம். கோட்டைச் சுவர் மிச்சமிருக்கிறது. ஏறிப் பார்த்த உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் என்றுதான் எனக்கு ஆதங்கம்.

அதே 1792-இல் இங்கே உதவி கலெக்டராக வந்த ஸ்காட்லாந்து இளைஞர் தாமஸ் மன்றோ, தர்மபுரியில் தோட்டம் போட்டு ஏழு வருஷம் தங்கிவிட்டார். பின்னாளில் மெட்ராஸ் கவர்னரானவரும், தீவுத்திடல் பக்கம் சேணமில்லாக் குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருப்பவரும் இவரேதான்! விவசாயியிடமே நேரடியாக வரி வசூலிக்கும் ரயத்துவாரி முறை, கலெக்டர் அலெக்சாண்டர் ரீடின் கையில் முளைவிட்டதும் இந்தப் பாராமகாலில்தான்.

1800-இல் வந்தார் டாக்டர் பிரான்சிஸ் புகானன். எந்த மண்ணில் என்ன விளைகிறது, யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதச் சொல்லி அனுப்பியவர் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி. மைசூர்ச் சீமையில் அவர் ராகியைப் பற்றி எழுதியதைப் படிக்க வேண்டும்! எப்படி விதைக்கிறார்கள், எப்படிக் களை எடுக்கிறார்கள், நிலத்தில் குழி தோண்டி எப்படி வருஷக்கணக்கில் கெடாமல் வைக்கிறார்கள் என்று ஒன்று விடவில்லை. நாம் களி கிண்டிச் சாப்பிடும் அதே ராகி, 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிப் புத்தகத்துக்குள் ஏறிவிட்டது.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். ராயக்கோட்டை மண்டியில் மலைமலையாகக் குவியும் தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர்! ஓசூர் உருளைக்கிழங்கு, குடைமிளகாய், பச்சைமிளகாய், நிலக்கடலை, பெங்களூர் கத்தரிக்காய் என்கிறோமே அந்த சௌசௌ, எல்லாமே அங்கிருந்து வந்தவை. கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் உலகெங்கும் இறக்கிவிட்ட செல்வம். ஆயுத பூஜைக்கு லாரி லாரியாகப் போகும் செண்டுமல்லிகூட மெக்சிகோவில் பிறந்த பூதான். நமது பூஜையறையில் மெக்சிகோ!

பயிரை விட்டு மறுபடி மனிதர்களுக்கு வருவோம். ஓசூரில் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டைச் சாயலில் மாளிகை கட்டினார் சேலம் கலெக்டர் பிரெட். ஜவளகிரி, கும்மளாபுரம் காடுகளின் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளை 1954-இல் உலகத்துக்குக் கதையாகச் சொன்னார் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன்.

சரி, அவர்கள் வந்தார்கள். இங்கிருந்து யார் போனார்கள்? ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-இல் முன்சீப் மகனாகப் பிறந்த ராஜாஜி! 1962 செப்டம்பரில், 83 வயதில், கதர் வேட்டியோடு அமெரிக்கா போனார். சுற்றிப் பார்க்க அல்ல. அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று ஜனாதிபதி கென்னடியின் முகத்துக்கு நேரே கேட்க! 25 நிமிஷம் ஒதுக்கியிருந்த சந்திப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. மூன்று வாரத்துக்குள் கியூபா ஏவுகணை நெருக்கடி வெடித்து, உலகமே அணு ஆயுதப் போரின் விளிம்புக்குப் போனது. மறு வருஷமே அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும் பகுதி அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தக் கிழவர் எவ்வளவு சரியான நேரத்தில் போயிருக்கிறார், பாருங்கள்! தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் திரும்பினால் போதும்.

இப்போது ஓசூரிலிருந்து வெளிநாடு போகிறவற்றைச் சொல்லி மாளாது. காதலர் தினத்துக்கு ரோஜாக்கள் விமானம் ஏறுகின்றன. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ பெயர் தாங்கிய ஜி 310 பைக்குகளை 2016 முதல் தயாரித்தது ஓசூர் டிவிஎஸ் ஆலை. கலிபோர்னியாவில் அந்த பைக்கில் ஊர் சுற்றும் யாரையாவது சந்தித்தால், வண்டி எந்த ஊரில் பிறந்தது என்று கட்டாயம் சொல்லிவிட்டு வாருங்கள்!