ராயகிரி கையெழுத்து ரியாத்தில் செல்லுமா?

தென்காசி மாவட்டம் ராயகிரியில் ஒரு பெண். கணவன் சவூதி அரேபியாவில் வேலை பார்க்கிறான். "நீயும் புறப்பட்டு வா" என்கிறான். பாஸ்போர்ட் தயார். திருமணப் பதிவுச் சான்றிதழும் இருக்கிறது. ஆனால் விசா கிடைக்கவில்லை. ஏன்?

சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் திருமணப் பதிவாளர். அவரை இங்கே எல்லோருக்கும் தெரியும். ரியாத்தில் இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அது அவருடைய கையெழுத்துதான் என்று யாராவது சாட்சி சொல்ல வேண்டும் அல்லவா?

சாட்சிக்கு மேல் சாட்சி

முதலில் மாநில அரசு அதிகாரி சாட்சி சொல்கிறார். "இது எங்கள் பதிவாளர் கையெழுத்துதான்" என்று முத்திரை போடுகிறார். அவருடைய கையெழுத்துக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம் சாட்சி. அதோடு முடியாது. போகிற நாட்டின் தூதரகமும் முத்திரை வைக்கவேண்டும். இதுதான் பழைய வழக்கம்.

இந்த அலைச்சலைக் குறைக்க, 1961-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி ஹாலந்து நாட்டில் ஹேக் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் சேர்ந்த நாடுகள் தூதரக முத்திரை கேட்பதில்லை. பதிலாக ஒரு சீட்டு போதும். அதன் பெயர் "அப்போஸ்டில்". பிரெஞ்சுச் சொல். ஒப்பந்தத்தில் உள்ள மாதிரிச் சீட்டு சதுரமானது. ஒரு பக்கம் 9 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது.

இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் அமலில் இருக்கிறது. ஓமன் 2012-லும், சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. ஐக்கிய அரபு நாடுகள், குவைத், கத்தார் ஆகியவை 2024 முடியும்வரை சேரவில்லை. அங்கே போகிறவர்களுக்குப் பழைய வழிதான்.

சீட்டு வாங்க டெல்லிக்கு ஓடவேண்டியதில்லை. 2019 ஜனவரி முதல் சென்னையிலேயே கிடைக்கிறது. அரசாங்கக் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் மனுவை அமைச்சகம் அனுமதித்த நிறுவனத்தின் மூலம் கொடுக்க வேண்டும். அதற்குக் கூலி தனி. கேட்ட தொகையை எல்லாம் கொடுத்துவிடாமல், ரசீது வாங்குவது நல்லது.

பெயரில் வரும் வினை

சீட்டு ஒட்டிவிட்டால் எல்லாம் சரியா? இல்லை! கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்றுதான் அது சொல்லும். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று சொல்லாது. பொய்ச் சான்றிதழ் அதனால் மெய்யாகிவிடாது.

மெய்யான சான்றிதழிலும் தொல்லை உண்டு. அதில் "சு. முத்துலட்சுமி". பாஸ்போர்ட்டில் "முத்துலட்சுமி சுப்பையா". இருவரும் ஒருவரே என்று ராயகிரியில் குழந்தைகூடச் சொல்லும். அயல்நாட்டு அதிகாரிக்கோ இரண்டு பெண்கள்! முன்னெழுத்து என்ற வழக்கமே பல நாடுகளில் கிடையாது. இங்கிலீஷில் ஓர் எழுத்து பிசகினாலும் இதே கதிதான்.

இதைப் பதிவாளரிடம்தான் திருத்த முடியும். சென்னையில் திருத்த மாட்டார்கள். திருத்திய பிறகு எல்லா முத்திரைகளையும் முதலிலிருந்து வாங்க வேண்டும். ஆகையால் முதல் முத்திரைக்குக் கொடுக்கும் முன்பே, சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட வேண்டும். கணவன் பெயரையும் சேர்த்துத்தான்.

அப்போஸ்டில் சீட்டில் ஓர் எண் இருக்கும். ரியாத் அதிகாரி அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, சீட்டு அசலா, போலியா என்று தெரிந்துகொள்ளலாம்.