எழுதப்படாத நிபந்தனை: நிலைபொருளும் கருவின் நினைவக வரைபடமும்

கணனியின் நினைவகம் முழுவதும் இயக்க முறைமையின் ஆட்சிக்கு உட்பட்டது எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. இக்கூற்று முற்றிலும் உண்மையன்று. மின் செலுத்தப்பட்ட கணத்திலிருந்து இயக்க முறைமை வந்து பொறுப்பேற்கும்வரை பொறியை நடத்துவது, தாய்ப்பலகையில் பதிக்கப்பட்டுள்ள நிலைபொருள் என்னும் ஆணைத்தொகுதியாகும். பொறுப்பைக் கையளித்த பின்னரும் அது முற்றாக விலகிவிடுவதில்லை. நினைவகத்தின் சில பகுதிகளைத் தனக்கென வைத்துக்கொள்கின்றது. கடிகாரத்தை வாசிக்கவும், தொடக்க அமைப்புகளை எழுதவும், பொறியை மீளத் தொடக்கவும் இயக்க முறைமையின் கரு அதனை அழைக்கவேண்டியுள்ளது. இவ்விரு ஆட்சிகளின் எல்லையில் எழும் வழுக்கள் எத்தகையவை, அவை எவ்வாறு கண்டறியப்படுகின்றன என்பதை லினக்ஸ் கருவில் 2015ஆம் ஆண்டில் எதிர்கொள்ளப்பட்ட ஒரு வழுவைக் கொண்டு நாம் இங்கு நோக்குவோம்.

கையளிப்பு ஒரு பட்டியலின் மூலம் நிகழ்கின்றது. யூ.ஈ.எவ்.ஐ. விதிமுறையைப் பின்பற்றும் நிலைபொருள், நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியும் எப்பௌதிக முகவரியில் தொடங்குகின்றது, 4 கிலோபைற்று அளவுள்ள பக்கங்கள் எத்தனை கொண்டது, எவ்வகையினது என்பனவற்றைக் கருவுக்குத் தெரிவிக்கின்றது. கையளிப்பின் பின்னரும் தனக்குத் தேவைப்படும் பகுதிகளை 'இயங்குவேளைப் பகுதிகள்' எனக் குறித்துக் கொடுக்கின்றது. கரு அப்பகுதிகளுக்குத் தனது மெய்நிகர் முகவரிகளை வழங்கி, அவற்றை நிலைபொருளுக்கு அறிவிக்கும். நிலைபொருள் தன்னுள் இருக்கும் முழுமுகவரிகளையெல்லாம் புதியனவாக மாற்றிக்கொள்ளும். இவ்வறிவிப்பை ஒரேயொரு முறைதான் செய்யலாம். பின்னர் மாற்ற இடமில்லை. இயங்கும் கருவிலிருந்து மற்றொரு கருவுக்கு நேரடியாகத் தாவும்போது, புதிய கருவும் பழைய முகவரிகளையே கையாளவேண்டும் என்பது இதன் விளைவு. இதனைக் கருதியே 2014இல் லினக்ஸ் கரு, இப்பகுதிகளுக்கென 64 கிகாபைற்று அளவான ஒரு நிலையான மெய்நிகர் வெளியை ஒதுக்கி, அதன் உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கியது.

நிலைபொருள் தரும் பட்டியல் ஒரு வாக்குமூலம் மட்டுமே. தொடக்கவேளைக்கு மட்டும் உரியவை என அதுவே அறிவித்துக் கைவிட்ட பகுதிகளை, விதிமுறைக்கு மாறாகப் பின்னரும் தொடும் நிலைபொருள்கள் பல இருந்தன. அதனால் 2011இல் கரு, முகவரி அறிவிப்பு முடியும்வரை அப்பகுதிகளைத் தானும் பயன்படுத்தாது ஒதுக்கிவைக்க நேர்ந்தது. இது வெளிப்படையான விதிமீறல். 2015இன் வழுவோ இதனினும் நுண்ணியது.

அவ்வாண்டில் வெளியான விதிமுறையின் 2.5ஆம் பதிப்பு ஒரு நல்ல நோக்கத்தைக் கொண்டிருந்தது. அதுவரை ஒரே பகுதியாகக் காட்டப்பட்ட நிலைபொருட் கூறுகளை, ஆணைகள் வேறு, தரவுகள் வேறு எனத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துக் காட்ட அது வழிசெய்தது. ஆணைப்பகுதியில் எழுத முடியாதவாறும் தரவுப்பகுதியை ஆணையாக இயக்க முடியாதவாறும் காப்பிடுவதற்கு இப்பிரிப்பு உதவும். ஆயின் இவ்வசதியைக் கொண்ட பொறிகளில் லினக்ஸ் தொடக்கத்திலேயே வீழ்ந்தது.

இத்தகைய வீழ்ச்சியில் ஆய்வாளனுக்குக் கிடைக்கும் தடயங்கள் சொற்பமே. திரையோ வட்டோ ஆயத்தமாகுமுன் பொறி நின்றுவிடக்கூடும். எனவே தொடர்வாயில் வழியாக மற்றொரு கணனிக்கு அனுப்பப்படும் செய்திகளையே நம்பவேண்டியிருக்கும். முதற்படியாக, நிலைபொருளின் இயங்குவேளைச் சேவைகளை அழைக்காதவாறு கருவைத் தொடக்கிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு தொடக்கியபோது பொறி ஒழுங்காக இயங்குமாயின், வழு எல்லையிலேயே உள்ளதெனப் பெரும்பாலும் கொள்ளலாம். அடுத்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளவேண்டும்: பிழை நேர்ந்தபோது இயங்கிய ஆணையின் முகவரி ஒன்று, அவ்வாணை தொட முயன்ற முகவரி மற்றொன்று.

கற்பனை எண்களால் இதனை விளக்குவோம். பௌதிக நினைவகத்தில் ஆணைப்பகுதி 1000 முதல் 1002 வரையான பக்கங்களிலும், தரவுப்பகுதி 1003, 1004ஆம் பக்கங்களிலும் உள்ளன என்க. 1001ஆம் பக்கத்திலுள்ள ஆணையொன்று 'என்னிலிருந்து இரண்டு பக்கம் தள்ளியுள்ள தரவை எடு' என்கின்றது, அது 1003. இப்போது கரு மேலிருந்து கீழாக அடுக்குகின்றது. பட்டியலில் முதலாவதான ஆணைப்பகுதி 8997 முதல் 8999 வரையிலும், அடுத்ததான தரவுப்பகுதி அதற்குக் கீழே 8995, 8996இலும் அமைகின்றன. நமது ஆணை இப்போது 8998இல் உள்ளது. இரண்டு பக்கம் தள்ளினால் 9000. அங்கு எதுவுமில்லை; பொறி வீழ்கின்றது.

9000 என்னும் முகவரியைக் கரு எவருக்கும் வழங்கவில்லை. பட்டியலிலும் அது இல்லை. அதனைத் தனித்து நோக்குவோருக்கு அது வெறுங் குப்பையெனவே தோன்றும். ஆயின் இரு எண்களின் வேறுபாட்டைக் கண்டு, ஆணையின் பழைய பௌதிக முகவரியுடன் கூட்டினால் 1003 கிடைக்கின்றது. அது பட்டியலில் தரவுப்பகுதியின் தொடக்கம். நிலைபொருள் முழுமுகவரிகளை மாற்றிக்கொண்டது. ஆணைகளுக்குள் பொதிந்திருந்த சார்புத் தூரங்களை மாற்றவில்லை. மாற்றவும் இயலாது. நிலைபொருளைத் தொகுத்த வேளையிலேயே, பகுதிகள் பிரிக்கப்படுமுன்பே, அவை நிலைநிறுத்தப்பட்டுவிட்டன.

தீர்வு சிறியது. பட்டியலைக் கடைசியிலிருந்து தொடங்கிப் படித்தால், மேலிருந்து கீழாக அடுக்கினும் பௌதிக ஒழுங்கு காக்கப்படும். 2015 செப்டெம்பரில் இத்திருத்தம் செய்யப்பட்டது. ஆர்ம் 64-பிற்றுச் செயலிகளுக்கான கருவிலோ அடுக்கும் திசை அன்று, இடைவெளியே சிக்கலாயிற்று. பகுதிகளை 64 கிலோபைற்று எல்லைகளில் அமைக்கும்பொருட்டு இடையே விடப்பட்ட வெற்றிடம் அதே தூரங்களைக் குலைத்தது. அதுவும் அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது.

குறை எவருடையது? பகுதிகளுக்கிடையிலான தூரம் காக்கப்படவேண்டும் என்னும் நிபந்தனை விதிமுறையில் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாத ஒன்றைக் கரு மீறியதெனக் குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று என்பதே நமது கருத்து. எனினும் திருத்தும் சுமை கருவை எழுதுவோர் மீதே வீழ்ந்தது. அவர்களது ஆணைத்தொகுதி எவரும் வாசிக்கக்கூடியது. பெரும்பாலான நிலைபொருள்களோ உற்பத்தி நிறுவனங்களின் பூட்டப்பட்ட உடைமை. ஒரு பக்கம் திறந்தும் மறுபக்கம் மூடியும் உள்ள எல்லையில், திறந்த பக்கத்தார்தான் எப்பொழுதும் விட்டுக்கொடுக்கின்றனர். பொறியை விலைகொடுத்து வாங்கியவருக்குங்கூட அதன் முதல் ஆணைகளைப் படிக்கும் உரிமை பெரும்பாலும் இல்லை.

2016இல் வெளியான 2.6ஆம் பதிப்பு அவ்வசதியைக் கைவிடத்தக்கதாக்கி, நினைவகப் பட்டியலைப் பிரிக்காது காப்பு விவரங்களை மட்டும் வேறாகத் தரும் புதிய அட்டவணையொன்றைப் புகுத்தியது. 2018 டிசெம்பரில் வெளியான லினக்ஸ் 4.20இல் வேறொரு காப்பும் சேர்ந்தது. இயங்குவேளைச் சேவையொன்றின் நடுவே நிலைபொருள் தனக்குரியதல்லாத முகவரியைத் தொட்டால், கரு தானும் உடன்வீழாது, அதனைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அச்சேவைகளை மீண்டும் அழைக்காமலே தன் பணியைத் தொடர்கின்றது.