இசைக் கல்வியில் வடிவமைப்புசார் ஆய்வு

வடிவமைப்புசார் ஆய்வு என்பது ஒரு கற்பித்தல் முறையையோ கருவியையோ வடிவமைத்து, உண்மையான வகுப்பறையில் பயன்படுத்தி, அங்கு கண்டவற்றைக் கொண்டு திருத்தி, மீண்டும் பயன்படுத்திப் பார்க்கும் கல்வி ஆய்வுமுறை ஆகும். கருவியைச் சீராக்குவதுடன், மாணவர் கற்கும் விதம் பற்றிய கோட்பாட்டைச் சோதித்து வளர்ப்பதும் இதன் நோக்கமாகும். இசைக் கல்வியில் இது பல நேரங்களில் மென்பொருள் உருவாக்கத்தோடு இணைந்து காணப்படுகிறது.

தோற்றம்

1992 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய ஆன் பிரவுன், ஆலன் காலின்ஸ் ஆகிய இருவரும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் இம்முறைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. 'வடிவமைப்புச் சோதனை' என்பதே அப்போதைய பெயர். ஆய்வுகூடத்தில் நினைவாற்றலை ஆராய்ந்து வந்த பிரவுன், வகுப்பறையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பிறவற்றை மாறாமல் வைத்திருத்தல் இயலாது எனக் கண்டார். இசை வகுப்பில் இச்சிக்கல் மேலும் கூடுதலாகும். அருகில் இருப்பவர் வாசிப்பதைக் கேட்டே ஒருவர் தம் தாளத்தைச் சரிசெய்துகொள்கிறார். அவரைத் தனியே பிரித்துச் சோதித்தால், ஆராய வேண்டிய சேர்ந்திசைத்தலே இல்லாமற் போய்விடும்.

பாம்பெர்கரின் பணி

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜீன் பாம்பெர்கர், இப்பெயர் வழக்கிற்கு வருமுன்பே, 1970களிலிருந்து இதனை ஒத்த வழியில் ஆய்வு செய்தவர். குழந்தைகள் தாம் கைதட்டிய தாளத்தைத் தாளில் வரைந்து காட்டுமாறு அவர் கேட்டார். அவற்றுள் ஒரு தாளத்தில் இரண்டு நெடிய தட்டுகளும், பின் இரண்டு குறுகிய தட்டுகளும், இறுதியில் ஒரு நெடிய தட்டும் வரும். சிலர் இறுதித் தட்டை முதல் இரண்டைப் போலவே பெரிதாக வரைந்தனர். வேறு சிலர் அதனை முந்தைய குறுகிய தட்டுகளோடு சேர்த்துச் சிறிதாக வரைந்தனர். கால அளவை மட்டும் நோக்கினால் இரண்டாவது வரைபடம் பிழையாகும். ஆயினும் வாசிக்கையில் அம்மூன்று தட்டுகளும் ஒரே தொகுதியாகக் கேட்பதால், அதுவும் இசையைச் சரியாக உணர்ந்ததன் அடையாளமே. தேர்வுத்தாளில் மதிப்பெண் இழக்கும் விடை இது என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய கவனிப்புகளோடு இணைந்து வளர்ந்ததே 'இம்ப்ராம்ப்டு' என்னும் மென்பொருள். இதில் மாணவர் தனிச் சுரங்களிலிருந்து தொடங்குவதில்லை. மெட்டின் சிறு துண்டுகளைக் கேட்டு, கட்டைகளைப் போல் அடுக்கி, ஒரு மெட்டை மீட்டுருவாக்குகின்றனர் அல்லது புதிதாக அமைக்கின்றனர். அதன் பின்னரே துண்டைத் திறந்து, உள்ளிருக்கும் சுரங்களையும் கால அளவுகளையும் ஆராய்கின்றனர். இதனை விளக்கும் அவரது நூல் 2000 ஆம் ஆண்டில் வெளியானது.

ஜாம்டுஜாம்

ஆசுத்திரேலியாவின் குயின்சுலாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பிரவுன், ஸ்டீவ் டில்லன் முதலியோர் 'ஜாம்டுஜாம்' மென்பொருளை உருவாக்கினர். கணினி இசையைப் பிறப்பிக்க, வலையமைப்பால் இணைந்த மாணவர்கள் அதன் கூறுகளை மாற்றிக் கூட்டாக இசைக்கலாம். கற்றல் வாய்ப்பை இனங்காணல், மென்பொருளை ஆக்கல், பயன்பாட்டில் இட்டுத் திருத்தல் என அமைந்த இவ்வழியை ஆண்ட்ரூ பிரவுன் 'ஆய்வாக மென்பொருள் உருவாக்கம்' என அழைத்தார்.

விமர்சனங்கள்

வடிவமைப்பவரே ஆய்வாளராகவும் இருப்பது இம்முறையின் முதன்மையான குறையாகச் சுட்டப்படுகிறது. மணிக்கணக்கான ஒளிப்பதிவுகளிலிருந்து தமக்குச் சாதகமான பகுதிகளை மட்டும் எடுத்துக்காட்டுவது எளிது என்பதை ஆன் பிரவுனே 1992 கட்டுரையில் எச்சரித்துள்ளார். ஓர் ஆசிரியரின் தனித்திறனால் விளைந்த வெற்றியைக் கருவியின் வெற்றியாகக் கொள்ளும் ஆபத்தும் உண்டு. எனவே பயன்படாமற் போன வடிவங்களையும், ஒவ்வொரு திருத்தத்தின் காரணத்தையும் பதிவுசெய்து வெளியிடுதல் வலியுறுத்தப்படுகிறது. வெளியாகும் அறிக்கைகள் பலவற்றில் இறுதி வடிவம் மட்டுமே இடம்பெறுகிறது.