முக்காலி ஆடாது

புது மெக்கானிக்கல் கீபோர்டு வந்த அன்று மாலை, பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்து முதல் வரியை அடித்தேன். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் இரண்டு ஓசை கேட்டது. ஒன்று விசையிலிருந்து, அது நான் காசு கொடுத்து வாங்கிய ஓசை. மற்றொன்று அடியிலிருந்து. இடது கீழ் மூலையில் விரல் பட்டால் வலது மேல் மூலை எழும்பியது. அதை அழுத்தினால் இது எழும்பியது.

ஒரு கிலோ எடை, உள்ளே எஃகுத் தகடு, விசைக்கு ஒரு சுருள்வில் என்று எல்லாம் இருந்தும் ஆடியது. இதற்கு முன் இருந்ததோ, கையில் எடுத்தால் அப்பளம் போல வளையும் மலிவு கீபோர்டு. ஆறு வருடம் இருந்த இடத்தில் அசையாமல் கிடந்தது.

“இதுக்குப் போயி இவ்வளவு யோசிக்கிறியே, ஒரு அண்டை குடுடா” என்றார் அம்மா. கட்டிலோ பீரோவோ, வீட்டில் எது ஆடினாலும் அவர் சொல்லும் ஒரே வைத்தியம் அதுதான். வைத்தியம் சரி. நோய் என்ன என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

மூன்று கல்லும் நான்காவது காலும்

விறகடுப்புக்கு ஏன் மூன்று கல்? வயலோரத்தில் கிடைத்த கற்களை, உயரம் பார்க்காமல் வைத்துப் பானையை ஏற்றுகிறார்கள். பானை கொஞ்சம் சாய்ந்து நிற்கலாம், ஆனால் ஆடாது. ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகளைக் கொடுத்தால், அவற்றின் வழியே ஒரு தளம் கட்டாயம் உண்டு. ஒன்றே ஒன்றுதான் உண்டு. மூன்று கால்களுக்குள் சண்டை வர வழியே இல்லை.

நான்காவது கால் வந்ததும் கதை மாறுகிறது. மற்ற மூன்றும் முடிவு செய்துவிட்ட தளத்தில் அதுவும் மிகச்சரியாக வந்து உட்கார வேண்டும். ஒரு மயிரிழை மேலே போனாலும் அது தொங்கும். கால்களை எண்ணிப் பெயர் வைத்த மொழி நம்முடையது: முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும்.

அப்படியானால் கீபோர்டுக்கும் மூன்று காலே வைக்கலாமே? ஆட்டோவை நினைத்துப் பாருங்கள். எந்தக் குண்டும் குழியுமான தெருவிலும் அதன் மூன்று சக்கரமும் தரையில்தான் இருக்கும். ஆனால் வேகமாக வளைத்தால் கவிழப் பார்க்கும். மூன்று கால் அமைக்கும் முக்கோணத்துக்கு வெளியே பாரம் விழுந்தால் பொருள் சாய்ந்துவிடும். கீபோர்டின் மூலையிலும் விசைகள் உண்டு. அங்கும் விரல் விழும். அதனால் நான்கு மூலைக்கும் கால் தேவைப்படுகிறது. கவிழாமல் இருப்பதற்காக ஆடும் அபாயத்தை ஏற்றுக்கொள்கிறோம்.

ஒரு கிலோவை அசைக்கும் விரல்

மெக்கானிக்கல் கீபோர்டுகளில் பலரும் அறிந்த செர்ரி எம்எக்ஸ் சிவப்பு விசையை எடுத்துக்கொள்வோம். அது 4 மி.மீ. ஆழம் இறங்கும், பாதி வழியில், 2 மி.மீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அதற்குத் தேவையான அழுத்தம் 45 சென்டிநியூட்டன். கடைத் தராசு மொழியில், 45 கிராம் எடைக்குச் சற்றே கூடுதல். இவ்வளவு சிறிய அழுத்தம் ஒரு கிலோ பொருளை எப்படித் தூக்கி ஆட்டுகிறது?

விடை மூலைவிட்டத்தில் இருக்கிறது. ஆடும் கீபோர்டு எதிரெதிர் மூலைகளிலுள்ள இரண்டு கால்களின் மீது நிற்கிறது. மற்ற இரண்டும் முறை வைத்துத் தரையைத் தொடுகின்றன. செவ்வகத்தின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய நடுவில். மூலைவிட்டமும் நடுவழியேதான் போகிறது. ஆகவே மொத்த எடையும் அந்தக் கோட்டின் மேலேயே இறங்கிவிடுகிறது. எந்தப் பக்கமும் இழுத்துப் பிடிக்க எடை மிச்சமில்லை. தட்டு இரண்டிலும் ஐந்தைந்து கிலோ ஏற்றிய தராசு, ஒரு கைப்பிடி அரிசிக்குச் சாய்வதில்லையா? அதே கணக்குதான். எடை கூடிய கீபோர்டு வாங்கினால் ஆடாது என்ற நம்பிக்கை இங்கேதான் பொய்க்கிறது.

விறைப்புக்குக் கொடுக்கும் விலை

மலிவு கீபோர்டு ஏன் ஆடவில்லை? அதன் கால்களும் ஒரே தளத்தில் இருந்திருக்காது. ஆனால் தன் எடையிலேயே முறுக்கிக்கொடுத்து, நான்கு காலையும் மேசையில் பதித்துக்கொண்டது. எஃகுத் தகடு பொருத்திய புதியதுக்கு அந்த நெகிழ்வு இல்லை. அரை மில்லிமீட்டர் கோணல் இருந்தால், அந்த அரை மில்லிமீட்டரையும் காட்டிக்கொடுத்துவிடும். கோணல் இரண்டிலும் இருந்தது. விறைப்பானது மறைக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டது.

இந்த நெகிழ்வின் அருமையை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை லியோன்ஹார்டு ஆய்லர் தொட்டிருக்கிறார். நான்கு கால் மேசையில் ஒரு பாரத்தை வைத்தால், எந்தக் கால் எவ்வளவு தாங்கும்? மூன்று கால் என்றால் அழுத்தங்களைச் சமன்படுத்தியே விடை சொல்லிவிடலாம். நான்கு கால் என்றால் சமன்பாடுகள் போதாது. மேசையும் தரையும் சற்றும் வளையாதவை என்று வைத்துக்கொண்டால் கணக்குக்கு ஒற்றை விடையே கிடையாது. தரை அழுத்தத்துக்கு ஏற்பக் கொஞ்சம் உள்வாங்கும் என்று வைத்துக்கொண்டுதான் ஆய்லர் விடைக்கு வழி கண்டார்.

புதுப் பொருளில் கோணல் எங்கிருந்து வருகிறது? உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்க்கிறார்கள். தடித்த பகுதி மெதுவாகவும் மெல்லிய பகுதி சீக்கிரமும் ஆறுகின்றன; ஆறும்போது சுருங்குகின்றன. சுருக்கம் ஒரே சீராக இல்லாததால் உடல் லேசாக முறுக்கிக்கொள்கிறது. அதன்மேல் திருகுகளை ஓர் ஓரத்திலிருந்து வரிசையாக முடுக்கினால், முறுக்கு அப்படியே பூட்டப்பட்டுவிடும்.

அரைவட்டம் பொய் சொல்லும்

குற்றவாளி கீபோர்டா, மேசையா? நான் முதலில் செய்தது, கீபோர்டைத் தலைகீழ்த் திசைக்குத் திருப்பி வைத்துப் பார்த்தது. அதே ஆட்டம். மேசையைக் குற்றம் சொல்லாமல் விட்டேன். தவறு. அரைவட்டம் திருப்பினால் எதிர் மூலைகள் இடம் மாறுகின்றனவே தவிர, அதே மூலைவிட்டம் மேசையின் அதே மூலைவிட்டத்தின் மேல்தான் வந்து உட்காருகிறது. கோணல் யாருடையதாக இருந்தாலும் ஆட்டம் மாறாது.

சூட்சுமம் கால்வட்டத்தில் இருக்கிறது. மேடுபள்ளமான தரையில் ஆடும் சதுர மேசையைக் கால்வட்டத்துக்குள் திருப்பினால், நான்கு காலும் பதியும் ஓர் இடம் கிடைக்கும் என்பதைக் கணித முறையில் காட்டலாம். கால்வட்டம் திருப்பி முடிக்கும்போது, தொங்கிய மூலைவிட்டத்தின் இடத்துக்கு ஊன்றியது வந்துவிடும். அப்படியானால் நடுவழியில் எங்கோ இரண்டும் சமமாகியிருக்க வேண்டும். கால்கள் ஒரே நீளமாகவும் தரை திடீர்ப் படி இல்லாமலும் இருந்தால் போதும். டீக்கடை மேசையில் முயன்று பாருங்கள். கீபோர்டைக் குறுக்காக வைத்துத் தட்டச்ச முடியாது என்பதால் நமக்கு இது உதவாது.

நமக்கு வேண்டியது நம்பகமான ஒரு தளம். 1950களில் பிரிட்டனில் அலஸ்டர் பில்கிங்டன் உருவாக்கிய முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுக் கண்ணாடி செய்கிறார்கள். இன்றைய ஜன்னல் கண்ணாடியும் நிலைக்கண்ணாடியும் பெரும்பாலும் அப்படிப் பிறந்தவை. வீட்டில் கிடைப்பதில் அதைவிடச் சமமான பரப்பு அரிது. நிலைக்கண்ணாடியைக் கழற்றித் தரையில் விரித்து அதன்மேல் வைத்தேன். ஆடியது. மேசை விடுதலை ஆனது.

பட்டறைக்காரர்கள் சமதளத்தை உண்டாக்கிய கதையிலும் இதே மூன்றும் இதே கால்வட்டமும் வருகின்றன. 1840இல் ஜோசப் விட்வொர்த் விளக்கிய முறை அது. இரண்டு இரும்புத் தகடுகளைச் சுரண்டிப் பொருத்தினால், ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும்கூடப் பொருந்திவிடும். மூன்றை மாற்றி மாற்றிப் பொருத்தினால் அந்த ஏமாற்று நடக்காது. அப்போதும் தகடுகளைக் கால்வட்டம் திருப்பி ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கு மட்டும் தப்பித்துக்கொள்ளும். என் கீபோர்டில் இருந்ததும் அந்த முறுக்குதான்.

தாள் உள்ளே, ரப்பர் வெளியே

இனி வைத்தியம். முதலில் பின்பக்க மடிப்புக் கால்கள் இரண்டும் முழுதாக விரிந்தோ மடங்கியோ இருக்கின்றனவா, அடியில் கேபிள் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தொங்கும் காலுக்கு அடியில் இடைவெளி பெரிதென்றால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. உத்தரவாதக் காலம் முடிந்த கீபோர்டானால், திருகுகளைத் தளர்த்தி, கண்ணாடி மேல் வைத்து, கார் சக்கரத்துக்கு முடுக்குவது போல எதிரெதிராக முடுக்கிப் பார்க்கலாம்.

சிறிய இடைவெளியை அளக்க அச்சுத்தாள் போதும். 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். தொங்கும் காலுக்கு அடியில் துண்டு துண்டாகச் செருகினேன். நான்காவது துண்டில் ஆட்டம் நின்றது. ஐந்தாவதில் மற்ற மூலைவிட்டம் ஆடத் தொடங்கியது. நோயின் அளவு 0.4 மி.மீ. அந்தக் காலின் ரப்பரை உரித்து, நான்கு தாளையும் அதன் அளவுக்கு வெட்டி உள்ளே ஒட்டி, மேலே ரப்பரைப் பதித்தேன். தாள் வெளியே இருந்தால் நழுவும். ரப்பர் வெளியே இருந்தால் மேசையைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கும் பொறுமை இல்லாதவர்கள் அடியில் தடித்த விரிப்பு ஒன்றைப் போடலாம். ஆய்லர் கணக்கில் விட்டுக்கொடுத்த தரை அதுதான். நான் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒவ்வொரு இயந்திரத்துக்கு அடியிலும் ஒரு கம்பளித் துண்டு கிடந்தது ஏன் என்று இப்போது புரிகிறது.

அடியோசை நின்ற பிறகுதான் இன்னோர் ஓசை காதில் விழுந்தது. இடைவெளி விசையின் ஒரு முனையில் மட்டும் சன்னமான ‘டிக்’. ஏறத்தாழ 119 மி.மீ. நீளமுள்ள அந்த விசை ஒரு பக்கமாகச் சாயாமலிருக்க, அடியில் இரு முனையும் மடக்கிய கம்பி ஒன்று இருக்கும். கழற்றிக் கண்ணாடி மேல் வைத்தேன்.

கம்பியும் ஆடியது.