வெட்டாமல் கழற்றுவது எப்படி?

சென்ற பருவ விடுமுறையில் அப்பாவின் பழைய காரில் வலப்பக்க முகப்பு விளக்கு எரியவில்லை. பல்பு நன்றாகவே இருந்தது. அதன் பின்னால் பொருந்தும் மூன்று துளைச் சொக்கெட்டில்தான் கோளாறு. ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தது.

இதற்கு வழக்கமான வைத்தியம் ஒன்று உண்டு. சொக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு, புதியதன் கம்பிகளை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். நம் ஊர் வெயிலிலும் இயந்திரச் சூட்டிலும் டேப்பின் பசை இளகும், மழைநீர் புகும், செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். வெட்டாமலே, கம்பியின் நுனியிலுள்ள உலோக முனையங்களைக் கழற்றிப் புதிய பிளாஸ்டிக் கூட்டுக்கு மாற்றலாம் என்று படித்திருந்தேன். செய்தும் பார்த்தேன். கைக்கு அகப்பட்ட தடித்த திருப்புளியைத் துளைக்குள் திணித்து நெம்பி, குறட்டால் கம்பியை இழுத்தேன். மூன்றும் வந்துவிட்டன. புதிய கூட்டில் செருகியதும் விளக்கு எரிந்தது. எனக்கு ஒரே பெருமை!

பத்து நாள் கழித்து, இரவு வேலை முடிந்து அப்பா ஒற்றை விளக்கோடு வீடு வந்து சேர்ந்தார். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அணைந்ததோ எதிரே வருபவருக்கு அருகிலுள்ள விளக்கு. “லாரிக்காரன் என்னை மோட்டார் சைக்கிள்னு நெனச்சிட்டான்,” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

தவறு எங்கே? முனையத்தின் இரு விளிம்புகளும் உட்புறம் மடிந்து, பல்பின் தகட்டை இறுகப் பிடிக்க வேண்டும். என் திருப்புளி அந்தப் பிடியை அகட்டிவிட்டது. 60 வாட் இழை 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். தளர்ந்த பிடியில் 0.2 ஓம் தடை ஏற்பட்டாலே போதும்: 5 × 5 × 0.2, அதாவது ஏறத்தாழ 5 வாட் வெப்பம் விரல் நுனியளவு இடத்தில் சேர்கிறது. சூட்டில் உலோகம் தன் விறைப்பை இழக்கும்; பிடி மேலும் தளரும்; சூடு மேலும் ஏறும். இடைநிலைப்பள்ளியில் மலாயில் மனப்பாடம் செய்த சூத்திரம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

முனையத்தைக் கூட்டுக்குள் நிறுத்தி வைப்பது ஒரு சிறு நாக்கு. என் சொக்கெட்டில் அது முனையத்திலேயே வெட்டி உயர்த்தப்பட்ட உலோக நாக்கு. வேறு பல இணைப்பான்களில் நாக்கு பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும்; அங்கே முனையத்தை அழுத்தாமல், பிளாஸ்டிக்கை முனையத்திலிருந்து விலக்க வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் கை வைத்தால் எதையாவது உடைப்போம். புதிய காலிக் கூட்டைக் கைவிளக்கில் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இரண்டாம் முறை முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றினேன். எந்த நிறக் கம்பி எந்தத் துளையில் என்று படம் எடுத்துக்கொண்டேன். பிறகு கம்பியை இழுக்கவில்லை, முன்னோக்கித் தள்ளினேன்! முக்கியமான சூட்சுமம் இதுதான். இழுக்க இழுக்க நாக்கு தன் படியில் இறுகும். தள்ளினால் பாரம் விடுபடும். அப்போது பல்பு பொருந்தும் முகப்பு வழியாக, கடிகாரம் பழுதுபார்க்கும் மெல்லிய திருப்புளியை முனையத்துக்கும் கூட்டுச் சுவருக்கும் நடுவே நுழைத்து நாக்கை அழுத்தினேன். பிடிக்குள் நுழைக்கவே கூடாது. கம்பி இரண்டு விரல் பலத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. வராவிட்டால் நாக்கு இன்னும் விடவில்லை என்று பொருள். பலத்தைக் கூட்டாமல், மறுபடி தள்ளித் தொடங்க வேண்டும்.

அகண்டதையும் கருகியதையும் மீண்டும் பயன்படுத்தவில்லை. அவற்றுக்குப் புதிய முனையங்களை அழுத்திப் பொருத்தினேன். நல்லதாக இருந்த ஒன்றின் நாக்கை மட்டும் சற்றே வெளியே வளைத்துவிட்டேன். அழுங்கிய நாக்கு கூட்டில் மாட்டாது. பல்பைச் செருகும்போது முனையம் பின்னால் நழுவிவிடும். ‘கிளிக்’ ஓசை கேட்டதும் கம்பியை மெல்ல இழுத்துச் சோதித்தேன்.

பல துளைகள் உள்ள இணைப்பான்களில் இரண்டாவது பூட்டாக, பெரும்பாலும் வேறு நிறத்தில், ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். அதை விடுவிக்காமல் எந்த முனையமும் வராது. மஞ்சள் நிற இணைப்பான்கள் பொதுவாகக் காற்றுப்பைக்குரியவை. அவற்றில் நம் விளையாட்டு வேண்டாம்.

வேலை முடிந்த கையோடு இடப்பக்கச் சொக்கெட்டையும் இழுத்துப் பார்த்தேன். அங்கும் ஒரு துளை பழுப்பேறத் தொடங்கியிருந்தது.